ஒரே டேட்டாபேஸில் பல கடைகள்: போஸ்ட்கிரெஸ் கேள்வி பதில்

கேள்வி: 200 கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் தருகிறோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கடைக்கு ஒரு ஸ்கீமாவா (டேபிள்களைத் தனியே தொகுக்கும் பகுதி), எல்லாருக்கும் ஒரே டேபிளா?

பதில்: ஒரே டேபிள், ஒவ்வொரு ரோவிலும் டெனன்ட் ஐடி (எந்தக் கடை என்று காட்டும் எண்). ஸ்கீமா பிரித்தால் 40 டேபிள் 8,000 ஆகும். ஒரு ஃபீல்டு சேர்க்க 200 முறை மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்ட வேண்டும். 120 முடிந்து நின்றுபோனால் 80 கடைகள் பழைய அமைப்பிலேயே கிடக்கும். ஒப்பந்தத்திலேயே தனிச் சேமிப்பு கேட்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் தனி டேட்டாபேஸ் கொடுங்கள்.

கேள்வி: எல்லா கொரியிலும் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) டெனன்ட் ஐடியை ஒப்பிட்டுத்தான் எடுக்கிறோம். ரோ லெவல் செக்யூரிட்டி எதற்கு?

பதில்: அவசரமாக எழுதிய ஒரு ரிப்போர்ட்டில் அந்த ஒப்பீடு விடுபட்டால் போதும், ஒரு கடையின் விற்பனை இன்னொரு கடைக்காரர் கண்ணில் பட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் உள்ள ரோ லெவல் செக்யூரிட்டியில் அந்த நிபந்தனையைப் பாலிசி என்ற விதியாக எழுதிவைத்தால் டேட்டாபேஸே சேர்த்துக்கொள்ளும். கொரியில் எழுதுவதையும் நிறுத்தாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: சார், பாலிசி எழுதி எனேபிளும் செய்துவிட்டேன். ஆனாலும் எல்லாக் கடை பில்லும் வருகிறதே?

பதில்: எந்த ரோலில் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) இணைகிறீர்கள் என்று பாருங்கள். சூப்பர்யூசர், பைபாஸ் ஆர்எல்எஸ் (ரோ லெவல் செக்யூரிட்டியைத் தாண்டும்) உரிமை உள்ள ரோல், டேபிளின் ஓனர் மூவரையும் பாலிசி தடுக்காது. மைக்ரேஷன் ஓட்டும் ரோலிலேயே ஆப்பும் இணைவதுதான் பெரும்பாலும் காரணம். ஆப்புக்குத் தனி ரோல் கொடுங்கள். டேபிளில் ஃபோர்ஸ் ரோ லெவல் செக்யூரிட்டியும் போடுங்கள், அப்போது ஓனருக்கும் பாலிசி பொருந்தும். வியூ (டேபிள் போலப் படிக்கச் சேமித்து வைத்த கொரி) வழியாகப் படித்தால் வியூ ஓனரின் உரிமையே செல்லும். பதிப்பு 15 முதல் வியூவை செக்யூரிட்டி இன்வோக்கர் (படிப்பவரின் உரிமையே செல்லும்) என்று குறித்தால் இது சரியாகும். முடிவையே சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவுக்குப் பாலிசியே கிடையாது, அதை ஆப் ரோலுக்குத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பிஜிபவுன்சர் (கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் கருவி) வைத்தபின் சில நேரம் வேறு கடையின் தரவு தெரிகிறது.

பதில்: இதைச் சரிசெய்யாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அதன் டிரான்சாக்ஷன் மோடில் ஒரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் ஒரே சர்வர் கனெக்ஷன் பலருக்குக் கைமாறும். வெறும் செட் கட்டளையில் வைத்த டெனன்ட் ஐடி அந்தக் கனெக்ஷனிலேயே தங்கிவிடும், அடுத்து வருபவர் அதோடு படிப்பார். ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் பிகின் போட்டு, செட் கான்ஃபிக் ஃபங்ஷனை மூன்றாவது மதிப்பு ட்ரூ என்று அழைத்து, பிறகு கொரிகளை ஓட்டி, கமிட் செய்யுங்கள். கமிட்டோடு அந்த மதிப்பு போய்விடும்.

ஒரு சிக்கல் உண்டு: அதன்பின் அதே கனெக்ஷனில் அந்த மதிப்பைப் படித்தால் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வராது, வெற்று உரை வரும். அதை யூயூஐடி (டெனன்ட் ஐடிக்கான தரவு வகை) ஆக மாற்றும்போது பிழை கிளம்பும். பாலிசியில் அந்த மதிப்பைப் படிக்கும் கரன்ட் செட்டிங்கை, வெற்று உரையை நல் ஆக்கும் நல்இஃப் கொண்டு சுற்றிவிடுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் புதிய மொபைல் எண் சேர்த்தால் 'ஏற்கெனவே உள்ளது' என்கிறது. அந்தக் கடையில் அந்த எண்ணே இல்லை.

பதில்: யூனிக் (மதிப்பு இரண்டாம் முறை வரக் கூடாது), ஃபாரின் கீ (சுட்டும் ரோ வேறு டேபிளில் இருக்க வேண்டும்) சோதனைகள் பாலிசியைப் பார்ப்பதில்லை. எண் வேறு கடையில் இருக்கிறது. அது இருப்பதே இந்தப் பிழையால் வெளியே தெரிந்துவிடுகிறது. டெனன்ட் ஐடி, மொபைல் இரண்டையும் சேர்த்து யூனிக் ஆக்குங்கள். ஃபாரின் கீயிலும் டெனன்ட் ஐடியைச் சேருங்கள். இல்லையேல் ஒரு கடையின் பில் இன்னொரு கடையின் வாடிக்கையாளரைச் சுட்டினாலும் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: தேடல் மெதுவாகிவிட்டது.

பதில்: இண்டெக்ஸில் டெனன்ட் ஐடி முதலில் வரட்டும். உரையில் தேடும் லைக் போன்றவை லீக்ப்ரூஃப் (மதிப்பைக் கசியவிடாதவை என்று குறிக்கப்பட்டவை) அல்ல. அதனால் பாலிசி சோதனைக்கு முன் டேட்டாபேஸ் அவற்றை ஓட்டாது, லைக் தேடலுக்கான டிரைகிராம் இண்டெக்ஸ் பயன்படாது. கொரி ஓடும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டால் தெரியும்.

கேள்வி: ஃபோர்ஸ் போட்டதும் பிஜிடம்ப் (பேக்கப் எடுக்கும் கருவி) பிழை தருகிறது.

பதில்: அரைகுறை பேக்கப்பை முழுதென்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. பேக்கப்புக்கு மட்டும் பைபாஸ் உரிமையுள்ள தனி ரோல் வையுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஆப் ரோலிலேயே இணைந்து சோதியுங்கள். டெனன்ட் ஐடி வைக்காமல் படித்தால் 0 ரோ வர வேண்டும். 'அ' கடையாக நின்று 'ஆ' கடையின் ஐடியோடு இன்சர்ட் செய்தால் பிழை வர வேண்டும். புதிதாகச் சேர்க்கும் டேபிளில்தான் பாலிசி மறந்துபோகும். டெனன்ட் ஐடி இருந்தும், டேபிள்களின் பட்டியலான பிஜிகிளாஸில் ரெல்ரோசெக்யூரிட்டி (ரோ லெவல் செக்யூரிட்டி எனேபிளா என்ற குறி) ஃபால்ஸ் என்றிருக்கும் டேபிள் ஒன்று இருந்தாலும் பில்ட் நிற்கும்படி செய்யுங்கள்.