கிறிஸ்துமஸ் குக்கீ மேல் போடும் ராயல் ஐசிங் ஏன் காயாமல் கையில் ஒட்டுகிறது?

ராயல் ஐசிங் என்பது முட்டையின் வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியை அடித்துக் குழைத்த பூச்சு. ஒரு வெள்ளைக்கருவுக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் சீனி. வெண்ணெய் கிடையாது, அதனால்தான் ஓடு மாதிரி இறுகும், பரிசுப் பெட்டியில் அடுக்கினாலும் அலங்காரம் கலையாது.

பூச்சிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கரைந்திருந்த சீனி மறுபடியும் நுண்ணிய படிகங்களாகும். வெள்ளைக்கருவின் புரதம் அவற்றைப் பிணைத்துக்கொள்ளும். சீனிச் சேவில் பாகு பூத்து வெள்ளையாக இறுகுமே, ஏறக்குறைய அதுதான்.

தண்ணீர் போக வேண்டுமென்றால் காற்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டர் ஓடும் வறண்ட அறை. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றே நனைந்து கிடக்கும். போதாக்குறைக்குச் சீனி தானும் ஈரத்தை இழுக்கும். ஆகவே மழை விட்ட நாளாகப் பாருங்கள். குக்கீ முழுக்க ஆறியபின் மெலிதாகப் பூசி, ஃபேனுக்கடியில் ராத்திரி முழுக்க விடுங்கள். முதல் நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறம். அப்புறம் காற்றுப் புகாத டப்பா, அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர்.

குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதென்றால் பச்சை முட்டை வேண்டாம். மெரிங் பவுடர் (பதப்படுத்தி உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) போதும், என் ஓட்டு எப்போதும் அதற்கே.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த பூச்சின் மேல் ஈரம் வேர்த்து, சிவப்பு பச்சையில் ஓடிவிடும்.