பைத்தான் 3.6-லிருந்து 3.11-க்கு மாற்றியதும் வரும் சின்டாக்ஸ் எரர்

வணக்கம். பைத்தான் நிரல்மொழியின் 3.11 பதிப்புக்கு மாறியதும், ஃபங்ஷனுக்கு ‘ஏசிங்க்=ட்ரூ’ (async=True) என்று அனுப்பும் வரியில்தான் சின்டாக்ஸ் எரர் (மொழியின் இலக்கணப் பிழை) வருகிறது, 3.6-ல் அதே கோடு ஓடியது என்கிறீர்கள். உங்கள் கோடில் தப்பில்லை, மொழிதான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

2015-ல் 3.5 வந்தபோது ஏசிங்க், அவெய்ட் (await) இரண்டும் அரைகுறை கீவேர்டுகள். கீவேர்டு என்றால் மொழி தனக்கென ஒதுக்கிய சொல். ஏசிங்க் ஃபங்ஷனுக்கு வெளியே சாதாரணப் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம். 3.6 எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் அந்த வகை எச்சரிக்கை பெரும்பாலும் திரையில் தெரியாது, யார் பார்த்தார்கள்? 2018-ல் 3.7 இரண்டையும் முழுக் கீவேர்டாக்கிக் கதவைச் சாத்திவிட்டது. பெயர் தெரிந்த லைப்ரரிகளே அப்போது பெயர் மாற்ற ஓடின.

சரி, உங்கள் ஃபங்ஷன் என்றால் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் சேர்த்து ‘ஏசிங்க்_’ ஆக்குங்கள். பைத்தான்காரர்களின் வழக்கமே அதுதான். பழைய பெயரையே எதிர்பார்க்கும் வேறொருவர் ஃபங்ஷன் என்றால், அந்தப் பெயரை மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்காக வைத்து ஒரு டிக்ஷனரி செய்து, முன்னால் இரண்டு நட்சத்திரம் போட்டு அனுப்புங்கள். பார்க்க அழகில்லை, வேலை நடக்கும். ஆனால் அந்த ஃபங்ஷனின் டெஃப் (def) என்று தொடங்கும் வரையறை வரியிலேயே அப்பெயர் இருந்தால் இதுவும் உதவாது; லைப்ரரியின் புதிய பதிப்புதான் வழி.

அப்புறம், ‘மேட்ச்’ (match) என்ற மாறிகளைத் தொட வேண்டாம். 3.10-ல் வந்த அது மென் கீவேர்டு. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ளும். பைத்தானை உருவாக்குபவர்கள் அதற்குள் பட்டு அறிந்துவிட்டார்கள் போல.