4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

எனக்கு மிகவும் பிடித்த எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. சுருக்கி எழுதினால் 2³² + 1.

2, 4, 16, 256, 65536 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவது நீங்கள் கேட்ட எண். இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கடிதங்களில் எழுதினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் இந்த ஆறாவது எண்ணை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதையும் பின்னாளில் அவரே நிறுவினார். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

641 வகுக்கிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (இன்னும் 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும் என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம், அதனால் 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். இப்போது −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவு சின்ன நிரூபணம் இவ்வளவு பெரிய எண்ணுக்குக் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். ஃபெர்மாவின் பெயரிலேயே ஒரு பகா எண் சோதனை உண்டு: எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதை 2க்கு அடுக்காக ஏற்றி, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். 2ஐத் தவிர வேறு எந்தப் பகா எண் என்றாலும் மீதி கட்டாயம் 1. நம் எண்ணால் வகுக்கும்போது 2³²இன் மீதி −1, அப்படியானால் 2⁶⁴இன் மீதி 1. 4294967296 என்பது 64இன் மடங்கு. ஆகவே சோதனையிலும் மீதி 1 வந்துவிடுகிறது! பகு எண்ணாக இருந்தும் பகா எண்போலத் தேறிவிடுகிறது. 2க்குப் பதில் 3ஐ வைத்துச் சோதித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண் எதையும் இப்படி இரு விதமாக எழுத முடியாது. ஆக, காரணி எதுவென்று தெரியாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

இந்த வரிசையில் 65537க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.