அப்பந் திங்கச் சொன்னா…

அன்புள்ள அண்ணாச்சி,

நான் கோவில்பட்டிக்காரன். பெங்களூரில் கணினி வேலை. முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு 412 சொலவடைகளை எக்செல்லில் சேர்த்துவிட்டேன். அதில் 160 நாவலுக்குள் வந்தாயிற்று. வெளியூர்க்காரர்களுக்கும் புரிய வேண்டுமே, கடைசியில் பொருள் விளக்கம் கொடுக்கலாமா? நீங்கள் எந்த நேரத்தில் எழுதுவீர்கள்? எழுதும்போது ஏதாவது கொறிப்பீர்களா? அடுத்த முறை வரும்போது கடலை மிட்டாய் வாங்கி வருகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எழுதுவது விடிகாலையில். ரகசியமெல்லாம் இல்லை, தூக்கம் வருவதில்லை. பொருள் விளக்கம் உங்கள் பதிப்பாளர் பாடு. கொறிப்பது சாத்தூர் சேவு, பூண்டு தட்டிப் போட்ட காரச் சேவு. என் நாவல் ஒன்றின் கைப்பிரதியில் 14ஆம் அத்தியாயம் பூராவும் என் பெருவிரல் ரேகைதான். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருந்த தாளின் வரி மேலே தெரிந்தது. தட்டச்சு செய்த பெண் இரண்டு வரியையும் சேர்த்தே அடித்துக் கொடுத்துவிட்டாள். படித்துப் பார்த்தேன், மோசமில்லை.

ஆனால் அந்த 160, தம்பி! நாவலா, பணியாரச் சட்டியா? குழிக்கு ஒரு கரண்டி என்று ஊற்றி வைத்திருக்கிறீர்கள். அப்பம் தின்னச் சொன்னால் குழியை எண்ணியிருக்கிறீர்கள்.

பார்த்தீர்களா, கோபத்தில் நானே முழுசாகச் சொல்லிவிட்டேன். ஊரில் யார் இப்படிச் சொல்கிறார்கள்? 'அப்பந் திங்கச் சொன்னா…' என்று இழுத்துவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விடுவார்கள். குழியை எண்ணுவது கேட்கிறவன் வேலை. 'அவல நெனச்சு…' என்றால் போதும், உரல் தானாக இடிபடும். நீங்கள் போய்க் கேட்டபோது பெரியவர்கள் முழுசாகச் சொன்னது, நீங்கள் பேனாவும் நோட்டுமாக எதிரே உட்கார்ந்ததால். அது ஒப்பிப்பது, பேச்சு இல்லை. சேர்த்ததைத் தப்பென்று சொல்லவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். நாவலும் எழுதினார், ஆனால் இதை அதற்குள் கொட்டவில்லை. வெளியூர்க்காரனுக்குப் புரியவில்லை என்றால் இரண்டு தரம் படிக்கட்டும். நாம் எத்தனை ரஷ்யப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தோம்!

என் அம்மாவும் அப்பாவும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்புசெட் வைக்க, அம்மாவைக் கேட்காமல் அவள் சங்கிலியை அடகு வைத்துவிட்டார் அப்பா. தண்ணீர் வந்தது, சங்கிலி வரவில்லை. அப்புறம் வீட்டில் எல்லாப் பேச்சும் என் மூலமாகத்தான், 'ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு' என்கிற கணக்கில். சந்தை நாளில் சேவுப் பொட்டலம் வாங்கி வந்து திண்ணையில் வைப்பார். அம்மா அதை எடுத்துத் தட்டில் கொட்டிக்கொண்டே, கட்டிக் கிடக்கிற ஆட்டைப் பார்த்து, 'ஊரான் வீட்டு நெய்யே…' என்பாள்.

திண்ணையிலிருந்து அப்பா, சத்தம் வராத குரலில், 'என் பொண்டாட்டி கையே' என்று முடிப்பார்.

அந்த மூன்று வருஷத்தில் 'என் பொண்டாட்டி' என்று அவர் வாயில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். அம்மாவுக்கு எத்தனையோ சொலவடை தெரியும். சந்தை நாள் தவறாமல் இதையேதான் எடுத்தாள். முடித்த பிறகு தட்டைத் திண்ணைக்கு நகர்த்துவாள். முடிக்காமல் அவர் அசந்திருந்தால், தட்டு எனக்கும் ஆட்டுக்கும்தான்.

உங்கள் எக்செல்லில் இதற்கு 'பிறர் பொருளில் தாராளம் காட்டுதல்' என்று போட்டிருப்பீர்கள். தப்பே இல்லை.

நீங்கள் கேட்டது வேறு என்னமோ. சரி, 160இல் பத்தை வைத்துக்கொள்ளுங்கள், பத்தையும் பாதியில் நிறுத்துங்கள். நாவலை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், திட்டினேன் என்று விட்டுவிடாதீர்கள். கடலை மிட்டாய் வேண்டாம். 2020இல் உங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன்தான், என் கடைவாய்ப் பல்லுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கருப்பட்டி மிட்டாய் ஓலைக் கொட்டானில் கிடைத்தால் கால் கிலோ வாங்கி வாருங்கள். பாலித்தீன் பையில் என்றால் வேண்டாம்.