கடைசிச் சரணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குயின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'மேட் இன் ஹெவன்' பாடல் தொகுப்பை மூன்று வாரங்களாகக் கேட்டுவருகிறேன். ஒவ்வொரு வரியிலும் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தன் சாவைப் பார்த்துக்கொண்டே பாடுவது தெரிகிறது. கண்ணீர் வந்து பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995இல், மிச்சம்மீதியை ஒட்டி விற்ற சரக்கு இது என்றும், 1991இல் வந்த 'இன்யூயெண்டோ'தான் உண்மையான கடைசித் தொகுப்பு என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். எதைக் கடைசி என்று கொள்வது? இதை எப்படி ரசிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எது கடைசி என்ற வழக்கை உங்கள் நண்பர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். விற்ற சரக்கு என்பதும் ஒரு குற்றச்சாட்டா என்ன? விலை போடாமல் வந்த தொகுப்பு எதையும் நான் கேட்டதில்லை. உங்கள் கண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சில மாதங்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை, துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறீர்கள். நீங்கள் அழுத தொகுப்பின் தலைப்புப் பாடல், ஃப்ரெடி 1985இல் தனியாக வெளியிட்ட 'மிஸ்டர் பேட் கை' தொகுப்பில் இருந்தது. அவருக்கு எய்ட்ஸ் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பாடப்பட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு குழுவின் மற்ற மூவரும் பின்னாளில் வாத்தியங்களைப் புதிதாக வாசித்தார்கள். 'இன்யூயெண்டோ'வில் உலகமே அவருடைய மரணசாசனமாகக் கொண்டாடும் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டின் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் கிட்டார் வாசித்த பிரையன் மே. பிரியாவிடை போல ஒலிக்கும் 'தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருடையது. அப்படியானால் சாகப்போகிறவர் தாமே என்ன எழுதினார்? 'டிலைலா' என்று தம் பூனைக்கு ஒரு பாட்டு எழுதினார். விலையுயர்ந்த நாற்காலிகளின் மேல் அது மூத்திரம் பெய்துவிடுவதாக அதில் ஒரு வரி வரும், மேயின் கிட்டார் அதில் மியாவ் என்று கத்தும். இதற்கும் அழுதீர்களா?

'மேட் இன் ஹெவன்' தொகுப்பின் நான்காவது பாட்டான 'மதர் லவ்' வேறு சங்கதி. 1991 மே மாதம், சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில், உடல் தளர்ந்திருந்த ஃப்ரெடி, எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடி வைத்துவிடுகிறேன், பிறகு நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரையன் மே துண்டுத் தாள்களில் வரிகளை எழுதி நீட்ட, அவர் அவற்றைப் பாடினார். பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தாழ்ந்த குரலில் தொடங்கி, நடுவில், இந்த உடம்பில் இது எங்கே இருந்தது என்று நாம் திகைக்கும்படி மேலே ஏறுகிறார். ஒரு சரணம் மிச்சமிருக்கும்போது களைத்துப்போய், ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் அதைப் பாட வரவேயில்லை. நவம்பர் 24 அன்று, 45 வயதில், லண்டனில் இறந்தார். அந்தச் சரணத்தை மே பாடியிருக்கிறார். ஃப்ரெடியைப் போலப் பாட அவர் முயலவில்லை. மெல்லிய, மூச்சு கலந்த தன் குரலிலேயே, ஒளிக்காமல் பாடி முடிக்கிறார்.

என் சித்தி தையல் வேலை செய்தவர். அவர் இறந்த அன்று ஒரு ரவிக்கை பாதியில் கிடந்தது, அதை அம்மா முடித்தார். வலது கை ஓரத்தில் சித்தி செய்த எம்மிங்கை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாலும் வெளிப்புறம் நூல் தெரியாது. இடது கை ஓரத்தில் அம்மாவின் தையல் அரிசி அரிசியாகத் தெரியும். பல ஆண்டுகள் அதைக் கையில் எடுத்தவுடனே அழுதுவிடுவேன். ஒருநாள் அம்மா அதைப் பிடுங்கி, வலது கையை உள்புறம் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டி, "அழுவதைப் பிறகு அழு, முதலில் அவள் நூலை எங்கே ஒளித்திருக்கிறாள் என்று பார்" என்றார். அன்றுதான் சித்தியின் வேலையை முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை அவருடைய சாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்றிரவு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நான்காவது பாட்டை மட்டும் கேளுங்கள். குரல் மாறும் இடத்தில் நிறுத்தி, சற்றுப் பின்னோக்கிப் போய், ஃப்ரெடி மேலே ஏறுவதற்கு முன் எங்கே மூச்சு எடுத்துக்கொள்கிறார் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தால் எழுதுங்கள். பாதியில் அழுது நிறுத்திவிட்டால் எழுத வேண்டாம்.