ரோட்டரி எஞ்சின் மிஸ் ஆகிறதா? எஞ்சினை இறக்கும் முன் காயிலைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு மேட்டில் ஏறும்போது மிஸ் ஆகிறது, வண்டி குலுங்குகிறது. எஞ்சின் விளக்கு சில சமயம் விட்டு விட்டு எரிகிறது. ஸ்கேனரில் பி0302 என்று வருகிறது. சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டுத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். வீட்டில் நானே எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். சோதித்துப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் ஒரு வரி எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழல்கின்றன; அவற்றின் ஓரங்களில் அழுத்தம் கசியாமல் தடுப்பவைதான் சீல்கள். சீல் தேய்ந்த எஞ்சின் முதலில் காட்டும் அறிகுறி, சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதுதான். உங்களுடையது உடனே ஸ்டார்ட் ஆகிறது. சூட்டிலும் ஏற்றத்திலும் மட்டும் மிஸ் ஆவது, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது, பெரும்பாலும் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் செய்யும் வேலை. அறைக்குள் அழுத்தம் கூடும்போது தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். சோர்ந்துபோன காயிலால் அதைக் கொடுக்க முடிவதில்லை.

இந்த எஞ்சினில் காயில் சீக்கிரம் சோர்ந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண பிஸ்டன் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒரு பிளக் ஒரு முறை பொறி விடும். ரோட்டரியில் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பிளக்கும் பொறி விட வேண்டும். அதே வேகத்தில் இரட்டிப்பு வேலை.

முதலில் ஓர் எச்சரிக்கை. விளக்கு விட்டு விட்டு எரியும்போது வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றிச் சூடு எஞ்சின் பக்கமே திரும்பி, நல்ல சீலையும் கெடுத்துவிடும். ஒரு காயிலை மாற்றத் தயங்கி நல்ல எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள். பி0302 என்றால் பின்பக்க ரோட்டர் மிஸ் ஆகிறது என்று பொருள். பி0301 முன்பக்க ரோட்டரைக் குறிக்கும். ஆனால் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். கோளாறு இந்த இரண்டில் எதில் என்பதைக் குறியீடு சொல்லாது. பிஸ்டன் வண்டியில் செய்வதுபோல ஒவ்வொரு காயிலாக இணைப்பை எடுத்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேட்டாலும் ஏமாந்துபோவீர்கள். எரிப்பில் பெரும்பங்கு லீடிங் பிளக்குக்குத்தான். டிரெய்லிங் செத்துக் கிடந்தாலும் ஐடிலில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எனவே இடம் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பின் ரோட்டரின் லீடிங் காயிலையும் முன் ரோட்டரின் லீடிங் காயிலையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வையுங்கள். நான்கும் ஒரே வகைக் காயில்கள்தான். வயர்களும் சாக்கெட்டுகளும் அதனதன் இடத்திலேயே இருக்க வேண்டும், காயில் மட்டும் மாற வேண்டும். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் மட்டும் ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பி0302 அப்படியே இருந்தால் டிரெய்லிங் காயில்களையும் இதேபோல மாற்றிப் பாருங்கள். ஒரு காயில் கெட்டிருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே என் யோசனை. நான்கும் ஒரே அளவு உழைத்தவை.

காயிலைக் கழற்றும்போதே வயர் முனையின் ரப்பர் மூடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சைத் தூள் படிந்திருக்கலாம். ரப்பரின் உட்புறத்தில் தலைமுடி போல மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கலாம். அந்தக் கோடு, பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியே கசிந்த தடம். அந்த வயரைத் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ரோட்டரி எஞ்சின் சீலுக்காகக் கொஞ்சம் ஆயிலை எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. ஆகவே காய்ந்த கரி படிந்திருந்தால் பயம் வேண்டாம். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே பொறி இல்லை. திரும்ப மாட்டும்போது கவனம்: லீடிங்கும் டிரெய்லிங்கும் வெவ்வேறு பிளக்குகள். ஒன்றின் குறியீடு எல் என்றும் மற்றதன் குறியீடு டி என்றும் முடியும். வெப்பம் தாங்கும் அளவு வேறு என்பதால் இடம் மாறவே கூடாது.

காயில், வயர், பிளக் எல்லாம் சரியாக இருந்தும் மிஸ் ஆனால், அப்போதுதான் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் உருவாகும் அழுத்தம், பக்கம் போக வேண்டும். காயில் சாக்கெட்டுகள் நான்கையும் கழற்றிவிட்டு, பின் ரோட்டரின் கீழ் பிளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். துளைக்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றட்டும். அப்படி மிதித்தால் பெட்ரோல் உள்ளே வராது. துளையிலிருந்து புஸ், புஸ், புஸ் என்று நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை காற்று வரும். ரோட்டருக்கு மூன்று முகங்கள், ஆகவே மூன்று மூச்சும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பலவீனமானால் அந்த முகத்தின் பக்கவாட்டில் உள்ள சைடு சீலைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு பலவீனமாகி ஒன்று மட்டும் பலமாக இருந்தால் ரோட்டரின் முனையில் உள்ள அபெக்ஸ் சீல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அந்த ஒரு சீல்தான் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர். ஒப்பிடுவதற்கு முன் ரோட்டரிலும் இதையே செய்து கேளுங்கள்.

சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இங்கே உண்மையை மறைக்கும். அதிலுள்ள வால்வு மூன்று அறைகளில் மிக அதிகமான அழுத்தத்தைப் பிடித்துவைத்து, பலவீனமானதை மூடிவிடும். அழுத்தம் விடும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி முள் சமமாகத் துள்ளுகிறதா என்று மட்டும் பாருங்கள். சரியான அளவுக்கு ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு 250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 250 சுற்று) வேகத்தில் 680 கிலோபாஸ்கல் என்பது குறைந்தபட்ச அளவு. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் குறைவாகக் காட்டும். அதனால் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் மட்டும் மிஸ் ஆகி, வெள்ளைப் புகை வந்து, கூலன்ட் அளவும் இறங்கினால் கதை வேறு. அது கூலன்ட் சீல் கசிவு. அதற்கு எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் எழுதியதில் அதன் அறிகுறி எதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மெக்கானிக் சீல்தான் என்றால், ஒரு ரோட்டருக்கு மூன்று வீதம் ஆறு கம்ப்ரஷன் எண்களையும், அளந்தபோது இருந்த ஆர்பிஎம்மையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.