ஏற்றத்தில் நின்றுபோகும் கெப்: குற்றவாளி பெற்றோல் பம்ப்தானா?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 1980களில் வந்த பெற்றோல் ஹைலக்ஸ் கெப் இருக்கிறது. கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போகும்போது ரதல்ல குறுக்கு வீதியில் இழுவை குறைந்து, குலுங்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பம்பை மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். மாற்றட்டுமா?"

பொறுங்கள். அந்தப் 'பத்து நிமிடம்' என்னைத் தயங்க வைக்கிறது. பம்புக்குள் அசைந்து பெற்றோலை இழுத்துத் தள்ளும் இறப்பர் சவ்வுதான் டயஃப்ரம். அது கிழிந்த பம்ப் ஓய்வெடுத்துக் குணமாவதில்லை.

உங்கள் கெப்பில் தாங்கி பின்னால். பம்ப் முன்னால், எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. இடையே இரண்டரை மீற்றர் என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் பம்ப் தாங்கியைவிட இன்னும் 25 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடுகிறது. அவ்வளவு உயரத்துக்குக் கூடுதலாக அது பெற்றோலை உறிஞ்ச வேண்டும். சமதரையில் சமாளிக்கிற சோர்ந்த பம்ப் இங்கே தோற்றுப்போகும். ஆனால் உறிஞ்சும் பக்கத்து இறப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே காற்றுதான் போகும்.

ஆகவே முதலில் தாங்கி மூடி. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. பத்து நிமிடக் காத்திருப்பில் நடந்ததும் காற்று மெல்ல உள்ளே கசிந்ததுதான். பழைய மூடி தொலைந்து, வேறு வாகனத்தின் துளையில்லாத மூடியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் பம்பைத் திட்டியவரை எனக்குத் தெரியும்.

அடுத்து பில்டரும் தாங்கிக்குள் இருக்கும் வலையும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் தாங்கியை அடிவரை வற்றவைத்து ஓட்டாதவர் யார்? அடியில் கிடந்த துருவும் மண்டியும் அப்போது கிளம்பியிருக்கும். ஓடும்போது வலையில் ஒட்டும், நின்றால் உதிரும்.

மூன்றாவது, சூடு. பாரத்தோடு மெதுவாக ஏறும்போது பொனட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. மலையில் காற்றழுத்தமும் குறைவு என்பதால் பெற்றோல் எளிதில் ஆவியாகும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி உயிர்பெற்றால் காரணம் இதுதான். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கடலோரத்தைவிடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்தப் பெற்றோல் எஞ்சினும் அங்கே சற்று மந்தமாகத்தான் இழுக்கும். அதைப் பம்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

இவை எல்லாம் சரியென்றால் பம்பைச் சோதியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள். பொறி பறந்தால் விபரீதம். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் பக்கத்துக் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் பெற்றோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ குமிழியோடு வந்தாலோ, பம்ப் வரையான குழாயையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பம்பின்மேல் தீர்ப்பு எழுதுங்கள். ஒயில் அளவுகோலையும் முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை அடித்தால், அளவும் ஏறியிருந்தால், டயஃப்ரம் கிழிந்து பெற்றோல் ஒயிலுக்குள் இறங்குகிறது. அப்படியானால் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள், பெயரிங்குகள் போய்விடும்.

மாற்றுவது பெரிய வேலையல்ல. பற்றரியின் மறை முனையைக் கழற்றி, தாங்கி மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். எது உள்வருவது, எது வெளியேறுவது, எது தாங்கிக்குத் திரும்புவது என்று குழாய்களில் அடையாளமிட்ட பிறகே கழற்றுங்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள தடித்த கறுப்புத் துண்டை வீசிவிடாதீர்கள். அது எஞ்சின் சூட்டைத் தடுக்கிறது, பம்பின் கை எவ்வளவு அசைய வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. புதிய பம்ப் உட்கார மறுத்தால் போல்ட்டால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். எஞ்சினைக் கையால் சற்றுத் திருப்பினால் பம்பின் கையை அசைக்கும், உள்ளிருக்கும் கெம் இறங்கி இடம் கொடுக்கும். இரண்டு போல்ட்டையும் மாறிமாறி, அளவாக இறுக்குங்கள். ஒயிலில் பெற்றோல் கலந்திருந்தால் ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் பழைய பம்பைத் தேடி அலைய வேண்டாம். பழைய இறப்பருக்கு உத்தரவாதம் ஏது? 'கரண்ட் பம்ப் போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால், எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்று கேளுங்கள். காபரேட்டருக்கு நான்கு பிஎஸ்ஐ அளவில் போதும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் அதைப்போலப் பத்து மடங்கு தள்ளும். காபரேட்டர் நிரம்பி, சூடான எஞ்சின்மேல் பெற்றோல் வழியும். சரியான அளவுள்ளதைப் போட்டாலும், எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி வயர் செய்யச் சொல்லுங்கள். நம் வீதிகளில் வண்டி பள்ளத்தில் உருண்டால் சாவியைத் திருப்ப யாருக்கும் நேரம் கிடைக்காது.